ஏரிக்கு வந்த ஆற்றுக்காரி

பாஞ்சாலி வாலாஜாபாத்துப் பக்கம் பாலாற்றங்கரையில் பிறந்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் சின்னப்பையனைக் கட்டிக்கொண்டு, பிள்ளைப்பாக்கத்துக்கு அடுத்த ஓர் ஏரிக்கரைச் சேரிக்கு வந்தாள். அவள் பிறந்த இடத்தில் ஆறு என்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை மணல், ஓரத்தில் நாணல். தண்ணீர் மணலுக்கடியில் ஒளிந்திருக்கும். இங்கே ஏரியோ வானத்தை விரித்துப் போட்டதுபோல் வெளியே கிடந்தது. கரை நெடுகப் பனைமரம். காலை வைத்தால் முழங்கால்வரை இழுக்கும் கருங்களி.

வந்த மறுநாளே குடத்தோடு கல்படி போட்ட துறையில் இறங்கினாள். ஊர்ப் பெரியதனக்காரர் கோதண்டராமன் கரைமேலிருந்து கத்தினார்.

“ஏய்! உங்க தொறை அந்தாண்ட கீது. மாடு குளிப்பாட்ற எடம்.”

ஆற்றில் எங்கே இறங்கினாலும் துறைதான். அப்படி வளர்ந்தவள் வீட்டுக்கு வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாய்யா உங்க ஏரி? தண்ணிக்கும் வேலி போட்டு வெச்சிகீறாங்க!”

“காலங்காலமா அப்படித்தான்மே.”

“காலமா வந்து மொண்டு குடுக்குது? அந்தப் படியில எறங்காம நான் வுடமாட்டேன்.”

தண்ணீருக்குச் சாதி கற்பித்தவன் மூளையைத்தான் முதலில் தூர்வார வேண்டும்.

சித்திரையில் ஏரி வற்றியது. மிச்சமிருந்த குட்டையிலும் சேறுதான். களிமண்ணில் தோண்டிக் கை சலித்த பாஞ்சாலி, வெள்ளம் வழிந்தோடும் கலங்கலுக்குக் கீழே மணல் சேர்ந்திருப்பதைக் கண்டாள். தாய்வீட்டைப் பார்த்ததுபோல் மனம் துள்ளியது. தோண்டினாள். இளநீர் மாதிரி ஊறியது.

சேதி ஊருக்கு எட்டியது. கோதண்டராமனின் மனைவி மரகதம் குடத்தோடு வந்து எட்ட நின்றாள்.

“கொஞ்சம் மொண்டு ஊத்தேன், பொண்ணே.”

“நீயே எறங்கி மொண்டுக்கோக்கா. இது ஆத்து மணலு மாதிரி. உன் தொறை, என் தொறைன்னு கெடையாது.”

மரகதம் அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கோடை முழுக்க ஒரே ஊற்றில் ஊர்க் குடமும் சேரிக் குடமும் இடித்துக்கொண்டன.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் பாஞ்சாலி நேராகக் கல்படிக்குப் போனாள். கோதண்டராமன் வாயைத் திறந்தார். படியில் துவைத்துக்கொண்டிருந்த மரகதம் முந்திக்கொண்டாள்.

“கோடைல இவ ஊத்துத் தண்ணிய சொம்பு சொம்பா குடிச்சீங்களே, அத மொதல்ல கக்கிட்டு வந்து பேசுங்க!”

படியெல்லாம் சிரிப்பு. பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

பாஞ்சாலி குடத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி குதித்தாள். பாலாற்றில் கணுக்கால் நனைத்தே வளர்ந்தவள் கழுத்தளவு நீரில் மிதந்தாள். அருகே ஒரு முக்குளிப்பான் பறவை முழுகி அப்பால் எழுந்தது.

“யோவ்!” என்று கரைமேல் நின்ற சின்னப்பையனைப் பார்த்துக் கத்தினாள். “உங்க ஏரியும் நல்லாத்தான்யா கீது!”