டீ குடிக்கப் போன பூக்காரம்மா

அண்ணா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அவருடைய பொறுமை தெரியும், கனிவு தெரியும். அவர் மேல் எனக்கிருந்த பொறாமை தெரியாது. கூடப்பிறந்த தம்பி நான், அதையும் எழுதிவிடுகிறேன்.

இரும்புலியூரில் பிறந்தார். அப்பா போனபோது அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியை விட்டுவிட்டு, கிண்டியில் ஒரு தொழிற்சாலைக்கு வரைபடம் வரையப் போனார். முப்பது வருடங்களுக்கும் மேல் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, தாம்பரத்திலேயே வந்து இறங்கினார். என்னைப் படிக்க வைத்தார். நான் கவிதை எழுதக் கிளம்பினேன், அதையும் பொறுத்தார்.

ஓய்வு பெற்றதும் மாடி அறையில், கட்டில் அகலப் பலகை மேல், தாம்பரம் ரயில் நிலையத்தைக் குட்டியாகக் கட்டத் தொடங்கினார். ரயில் மட்டும் கடையில் வாங்கியது. மற்றதெல்லாம் அவர் கை. அண்ணியின் டீ வடிகட்டியில் மணல் சலித்துத் தண்டவாளத்தடியில் ஜல்லியாகத் தூவினார். காய்ந்த டீத்தூள் மண்ணாயிற்று, தேங்காய் நார் புல்லாயிற்று. எதையும் முதலில் புத்தம்புதிதாகச் செய்வார். பிறகு உட்கார்ந்து அழுக்காக்குவார்.

"புதுசா இருந்தா எவன்டா நம்புவான்?"

தூணடியில் ஊசிமுனையால் வெற்றிலை எச்சில். வார்னிஷ் சொட்டில் தேங்கிய மழைத்தண்ணீர். கடைசியில் ஒவ்வொன்றையும் பசை போட்டு ஒட்டுவார். ஒட்டினால்தான் அவருக்கு அது முடிந்ததாக அர்த்தம்.

என் கவிதைத் தொகுப்பு வந்த ஞாயிறன்று உறவினர்களை அண்ணா வீட்டுக்கு அழைத்திருந்தேன். எல்லோரும் மாடிக்குப் போய்விட்டார்கள்.

"யப்பா, இந்த ஈரத்துல கால வெச்சா வழுக்கிடும் போல இருக்கே!" என்றார் மாமா. "நீ பக்கம் பக்கமா மழைன்னு எழுதுற. உங்கண்ணன் ஒரே சொட்டுல பெய்ய வெச்சிட்டாரு பாரு."

அவர் கையில் என் புத்தகம். அதன் மேல் பஜ்ஜித் தட்டு.

அவர்கள் கீழே இறங்கியதும், நடைமேடைப் படிக்கட்டருகே பசை காயாமல் உட்கார்ந்திருந்த நகமளவு பூக்காரம்மாவைப் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கூடை மட்டும் நின்றது. அதில் இன்னும் பூ வைத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது, கூடையை ஓர் ஈரச் சாக்குத்துண்டு மூடியிருந்தது.

"பூக்காரம்மாவ எங்க சார் காணோம்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

"டீ குடிக்கப் போயிருக்காங்க சார். வந்துடுவாங்க."

சொன்ன அண்ணா என் பக்கம் திரும்பவே இல்லை. இருபது வருடம் எழுதி அப்படி ஒரு வரி எனக்கு வரவில்லை. கொண்டுபோய்க் கொடுக்க மனம் வராததற்கு அதுவே காரணம்.

கடைசி வாரம், கொடுத்தே விடுவது என்று அவளைப் பர்ஸில் வைத்து மருத்துவமனைக்குப் போனேன். அண்ணா கண் திறந்து, "டீ குடிச்சியாடா?" என்றார்.

"குடிச்சிட்டேண்ணா" என்றேன். பர்ஸைத் திறக்கவில்லை.

அந்த நாட்களில் முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முறை வைத்து உடனிருந்த அண்ணாவின் ரயில் சிநேகிதர்களுக்கும், வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த எங்கள் தெருக்காரர்களுக்கும் குடும்பத்தாரின் நன்றி. மாமாவுக்கும்தான்.

நேற்று மாடிக்குப் போய் அவளைக் கூடையருகே உட்கார வைத்தேன். சாக்கைப் பெயர்க்கக் கத்தி கொண்டு போயிருந்தேன், தேவைப்படவில்லை. அந்தப் பலகையில் அது ஒன்றை மட்டும் அண்ணா ஒட்டவில்லை. தொட்டதும் கையோடு வந்தது. அடியில் மல்லிகை. மொட்டு மொட்டாக வெள்ளை வைத்திருந்தார், அவளைத் திருப்பிக் கொண்டுவருகிறவன் மட்டுமே பார்க்கும் இடத்தில்.

இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது, அண்ணா.