ஹொவித்தாவுக்காக முந்திச் சொன்ன நன்றி

எங்கள் ஊரான லாஸ் லாஹாஸில் ஒத்திலியாவிடம் நேர்த்தித் தகடு வரைந்து வாங்காத குடும்பம் கிடையாது. கிணற்றில் விழுந்து பிழைத்தவன், கோவேறு கழுதை உதைத்தும் சாகாதவன், மூன்று நாள் பிரசவ வலிக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்தவள் என்று எல்லோரும் அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். பன்றிக்கொழுப்பு வரும் டின்னை வெட்டி, தட்டி நிமிர்த்தி, நடந்ததை நடந்தபடி அதில் வரைவாள். மேலே மேகத்தில் மாதா, கீழே ஆபத்து, ஓரத்தில் முழந்தாளிட்ட ஆள். அடியில் இரண்டு வரி: இன்னார், இன்ன ஆபத்திலிருந்து காப்பாற்றப்பட்டேன், நன்றி. அதைக் கோயில் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டால் நேர்த்திக்கடன் தீர்ந்தது.

கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான். கேட்டது கிடைத்த பிறகுதான் தகடு. அவசரப்பட்டு வருகிறவர்களை ஒத்திலியா நிற்கவைத்தே விரட்டிவிடுவாள். "மொதல்ல ஆள் வீடு வந்து சேரட்டும், அப்புறம் வா. மாதாவுக்கே அட்வான்ஸ் குடுக்கப் பாக்குறியா?" என்பாள். அப்படி ஊருக்கெல்லாம் சொன்னவள்தான் தன் விஷயத்தில் கோட்டை விட்டாள்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வாணவேடிக்கைதான் பிழைப்பு. மார்ச் திருவிழாவுக்கு முந்தின வாரம் பட்டறைகளில் மூச்சுவிட நேரமிருக்காது. அன்று ஒத்திலியாவின் மகள் ஹொவித்தா, ஒன்பது வயது, பட்டறையில் வேலைசெய்த மாமாவுக்குச் சோளரொட்டி கொண்டுபோனாள். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பட்டறை வெடித்தது. யார் அங்கே சுருட்டுப் பற்றவைத்தான் என்று ஊருக்கே தெரியும். இன்றுவரை ஒரு பயல் வாயைத் திறக்கவில்லை. ஒத்திலியா நெருப்புக்குள் ஓடி மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் அவளுடைய இடது கன்னமும் இடது கையும் வெந்துபோயின.

தலைநகரத்து ஆஸ்பத்திரியில் தாயும் மகளும் ஆளுக்கொரு மாடியில் கிடந்தார்கள். மூன்றாம் நாள் நர்ஸ் வந்து, பிள்ளை இரண்டு கரண்டி சூப் குடித்தாள், அம்மா எங்கே என்று கேட்டாள் என்று சொன்னதும் ஒத்திலியா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தங்கை பிரிகிதாவிடம் சாயப்பெட்டியையும் ஒரு தகட்டையும் கொண்டுவரச் சொன்னாள்.

"அக்கா, ஆள் வீடு வரட்டும்னு நீதானே சொல்லுவே?" என்றாள் பிரிகிதா.

"ஊருக்கே வரைஞ்சு குடுத்தவ நான். ஒரு தடவை எனக்காக மாதா பொறுத்துக்க மாட்டாளா? நீ கொண்டு வா."

வலது கையால் வரைந்தாள். ஹொவித்தா மஞ்சள் பாவாடையில் நேராக நிற்கிறாள். பக்கத்தில் ஒத்திலியா முழந்தாளிட்டுச் சிரிக்கிறாள், கன்னத்தில் ஒரு கீறல் இல்லை. அடியில், என் மகளைத் தீயிலிருந்து மீட்ட மாதாவுக்கு நன்றி என்று எழுதினாள். பிரிகிதா அதை அன்று மாலையே பஸ்ஸில் எடுத்துப்போய் மாட்டிவிட்டாள். ஆறாம் நாள் விடியும்போது ஹொவித்தா செத்துப்போனாள்.

அடக்கம் முடிந்த கையோடு ஒத்திலியா கோயில் சாவியை வைத்திருக்கிற கோயில்பிள்ளை திமோத்தியோவிடம் போனாள். அந்தத் தகட்டைக் கழற்றித் தரச் சொன்னாள்.

"குடுத்தது குடுத்ததுதாம்மா. மாதா கையிலருந்து புடுங்குறதுக்கு நான் யாரு?" என்றார் அவர்.

"அவ எனக்குக் குடுக்கலையே, பெரியவரே."

கிழவர் சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டு நின்றார். மனுஷன் கெட்டவரில்லை, பயந்தவர். சுவரிலிருந்து ஒரு தகடு இறங்கினால் கூரையே இறங்கிவிடும் என்று நம்புகிறவர்.

ஆகவே ஞாயிறுதோறும் அந்தத் தகட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் அவள் பூசை கண்டாள். மேலே சிரிக்கிற ஒத்திலியா, கீழே வெந்த கன்னத்தோடு இவள். ஊர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும். தான் முந்திக்கொண்டு நன்றி சொன்னதால்தான் பிள்ளை போனாள் என்று அவள் நம்பினாள். யார் சொல்லியும் அந்த நினைப்பு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கைக்கு வேறு முகம் வரவில்லை. கண்ணாடியைச் சன்னலில் சாய்த்துவைத்துத் தன்னையே வரைந்தாள். கட்டுப்போட்ட தலையோடு ஒன்று. சோளரொட்டி சுற்றியிருந்த, கருகிய துணியை மடியில் வைத்தபடி ஒன்று. இன்னொன்றில் தூரிகையின் நுனியில் நெருப்பு எரிந்தது. அதைப் பார்த்த அன்று பிரிகிதா அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ கொளுத்தலக்கா. நீ வரைஞ்சே, அவ்வளவுதான்" என்றாள். ஒத்திலியா தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

கேட்டு வந்தவர்களின் தகடுகளிலும் அவள் முகமே விழுந்தது. நாவிதன் கிரெசென்சியோ மட்டும் அதை நேரில் சொல்லிவிட்டான். "ஏம்மா, என் மீசைக்குக் கீழே உன் வாய் இருக்கு. யாரு இந்தப் பொம்பளைன்னு வீட்ல சண்டை" என்றான். பாவம், சிரிக்கவைக்கத்தான் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. மெல்ல மெல்ல ஆட்கள் அடுத்த ஊருக்குப் போய் வரைந்துகொள்ளத் தொடங்கினார்கள்.

அவளுக்கு அது உறைக்கவே இல்லை. சுவரில் சிரிக்கிறவளை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மாட்ட ஒரு முகம் வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. பதினொன்று வரைந்து பதினொன்றையும் சுவரோரம் திருப்பிவைத்தாள். பன்னிரண்டாவது சரியாக வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வெந்த கன்னம் பார்ப்பவர் பக்கம். மடி காலி. மேலே மேகம் மட்டும், மாதா இல்லை. அடியில் எழுதினாள்: "என் மகள் ஹொவித்தா பிழைக்கவில்லை. சொன்ன நன்றியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஒத்திலியா."

ஒரு வியாழன் மத்தியானம், திமோத்தியோ சாப்பிடப் போயிருந்த நேரம், தகட்டையும் குறடையும் சால்வைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அங்கே அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு வெளியூர்க்காரி முழந்தாளில் நின்று மஞ்சள் பாவாடையைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒத்திலியாவை நிமிர்ந்து பார்த்தவள், படத்தைப் பார்த்தாள், மறுபடி இவளைப் பார்த்தாள்.

"நீங்கதானே அந்தத் தாய்? என் பேரு கொன்ராதா. என் மகன் பெனிதோவும் எங்க ஊர்ப் பட்டறையிலதான் வெந்துட்டான். எட்டு வயசு. நாலு நாளா ஆஸ்பத்திரியில கெடக்குறான். உங்க பொண்ணுக்கு இப்பத் தழும்பு ஏதும் தெரியுதாம்மா?"

ஒத்திலியா சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க. இன்னிக்கே. கைராசிக்காரி நீங்க" என்று கொன்ராதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஒரு வார்த்தைதான் ஒத்திலியாவை உடைத்தது. ஒன்றும் சொல்லாமல் இன்னொருத்தியை அதே குழியில் தள்ள அவளால் முடியவில்லை. சால்வையை விலக்கிப் பன்னிரண்டாவது தகட்டைக் காட்டினாள். கொன்ராதாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒத்திலியாவே அடியிலிருந்த வரிகளை வாய்விட்டு வாசித்தாள்.

கொன்ராதா அந்தக் காலி மடியைப் பார்த்தாள். பிறகு கண்ணில் பட்டது குறடு.

"கழட்டவா வந்தீங்க?"

"ஆமா. அது பொய்."

"வேணாம்மா." அவள் குரல் இறங்கிவிட்டது. "மொத நாளே இந்தப் படத்தப் பாத்துட்டுப் போயி அந்தப் பொண்ணப் பத்தி என் மகங்கிட்டச் சொல்லிட்டேன். தெனம் கேக்குறான். மஞ்சப் பாவாடைக்காரி இப்ப ஓடுறாளா, குதிக்கிறாளான்னு கேக்குறான். ஓடுறாள்னு சொன்னாத்தான் மருந்து குடிக்கிறான். அவன் வீடு வர்ற வரைக்கும் இருக்கட்டும். நானே வந்து சொல்றேன். அன்னிக்கு என் கையாலயே கழட்டித் தர்றேன்."

ஒத்திலியா தகட்டைச் சால்வைக்குள் திரும்ப வைத்தாள். "அவன் கேட்டா, ஓடுறாள்னே சொல்லு" என்றாள்.

அந்த வருஷமும் போனது, அடுத்த மார்ச்சும் வந்தது. வியாழன்தோறும் ஒத்திலியா கோயில் வாசலில் பஸ் வரும் வரை நிற்பாள். இறங்குகிறவர்களில் கொன்ராதா இருக்கமாட்டாள். எந்த ஊர்க்காரி என்று அன்று கேட்டுவைக்கத் தோன்றவில்லை இவளுக்கு.

திமோத்தியோவுக்கே மனசு பொறுக்கவில்லை. ஒரு வியாழன் அவரே ஏணியைக் கொண்டுவந்து அந்தச் சுவரில் சாய்த்தார்.

"ஏறிக் கழட்டிக்கோ தாயி. கூரை விழுந்தா விழட்டும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

ஒத்திலியா ஏறினாள். சால்வை நுனியால் மஞ்சள் பாவாடையின் தூசியைத் துடைத்தாள். ஒரு பக்கம் சாய்ந்திருந்த தகட்டை நேராக்கினாள். பிறகு வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

"என்னம்மா?" என்றார் கிழவர்.

"அந்தப் பையன் வீடு வந்துட்டான்னு இன்னும் யாரும் வந்து சொல்லல, பெரியவரே" என்றாள்.