உதைக்காத துப்பாக்கி

ஆல்வின் ரிண்ட்லருக்கு ஓர் இடத்தில் நிலைகொள்ளாது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிக்கொண்டு பாலாடைக்கட்டி ஆலைக்குக் கொண்டுபோகும் டேங்கர் லாரி ஓட்டுவது அவர் தொழில். குழாய் மாட்டிப் பால் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் இருக்கையிலேயே கண்ணயர்ந்துவிடுவார்கள். ஆல்வின் லாரியை வலம் வருவார், டயரைத் தட்டிப் பார்ப்பார், பண்ணைக்காரனின் கதவுக் கீல் கிறீச்சிட்டால் எண்ணெய் தேடுவார். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் அவருக்கென்று வரிசையின் ஓரத்து இடம். "பிரசங்கம் முடியறதுக்குள்ள உன் முழங்கால் ஒஹையோவை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுது" என்பாள் மனைவி மார்லீன்.

இந்த வருஷம் அந்த நிலைகொள்ளாமைக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. மான் வேட்டைக்கு, சுடும்போது தோளில் உதைப்பது குறைந்த துப்பாக்கி ஒன்று வாங்க வேண்டும்.

போன வருஷம்வரை அவரிடம் இருந்தது பழைய பன்னிரண்டு கேஜ் துப்பாக்கி. கட்டைவிரல் பருமனுள்ள ஈயக்குண்டு போட்டுச் சுடுவது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில், பனி உறைந்த டேங்கர் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து வலது காறையெலும்பு முறிந்திருந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் சேர்ந்த இடத்தில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சின் மேல்தான் துப்பாக்கிக் கட்டை வந்து உட்காரும்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி கூறும் நாள் விருந்து முடிந்த அடுத்த திங்கட்கிழமை எங்கள் பக்கத்தில் வேட்டை தொடங்கும். போன வருஷம் இரண்டாம் நாள், மைத்துனர் வெர்ஜிலின் காட்டோரத்தில் ஆல்வின் ஒரு பெட்டை மானைச் சுட்டார். குண்டு பின்னால் தள்ளி வயிற்றில் பாய்ந்தது. ஈர மூட்டையைக் கட்டையால் அடித்த மாதிரி ஒரு சத்தம். சோயா அறுத்த வயலில் நின்ற தாளில் ரத்தம் சொட்டுச் சொட்டாகப் போய், ஓடைக்கரையில் நின்றுவிட்டது. இருட்டும்வரை தேடினார்கள். மறுநாளும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

வெர்ஜிலின் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குறி தவறினவனின் சட்டையின் பின்முனையைக் கத்தரித்துக் களஞ்சியச் சுவரில் ஆணியடிப்பார்கள். அன்றைய சாயங்காலம் முழுக்க அவன்தான் கேலிப்பொருள். ஆனால் காயப்படுத்தித் தொலைத்தவனுக்குக் கத்தரிக்கோல் வராது. அவனுக்கு அந்த வருஷ வேட்டை முடிந்தது. துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, மானைக் கலைத்துவிடக் கூட்டத்தோடு காட்டுக்குள் நடக்க வேண்டியதுதான். யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஆல்வினே உறையில் போட்டார். அன்று சாயங்காலம் மிளகாய் போட்ட மொச்சைக் கறியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த வெர்ஜில், வழக்கமான ஒரு குத்தல் வார்த்தைகூடப் பேசவில்லை. சட்டையை வெட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது ஆல்வினுக்கு.

"தோள்தான் காரணம்" என்று மார்லீனிடம் சொன்னார். "உதைக்குப் பயந்து உடம்பு விலகிப்போச்சு. உதைக்காத துப்பாக்கி இருந்தா அந்த மான் நின்ன இடத்துல விழுந்திருக்கும்."

இந்த வருஷமும் அப்படி ஆகுமா ஆகாதா என்பது ஒன்றே அவருக்குக் கேள்வி. ஆகுமென்றால் காட்டுக்குப் போகக் கூடாது. ஆகாதென்றால் அதற்கு ஏதாவது சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைத் துப்பாக்கிக் கடையில் தேடினார்.

எங்கள் நிலம் தட்டையானது. வீடும் களஞ்சியமும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிதறிக் கிடக்கும். தொலைதூரம் பாயும் ரைஃபிளை மானுக்கு இங்கே எடுக்கக் கூடாது. தோட்டாவின் உறை, கழுத்து குறுகாமல் அடிமுதல் நுனிவரை நேர்ச்சுவராக இருக்க வேண்டும். குண்டு சீக்கிரம் வேகம் குறைந்து தரைக்கு வந்துவிடும். அந்த நேர்ச்சுவர் தோட்டாக்களில் ஐந்தாறு ஜாதி இருக்கிறது, எண்தான் அவற்றுக்குப் பெயர். ஆகஸ்ட் முழுக்க ஆல்வின் அவற்றின் எடை, வேகம், உதை எல்லாவற்றையும் மதிய ரொட்டியோடு சேர்த்து மென்றார். காலையில் ஒன்றை முடிவு செய்வார், பால் இறக்குவதற்குள் இன்னொன்று.

கடை, இரும்புச் சாமான் கடையின் பின்கட்டில், பெயிண்ட் டப்பாக்களைத் தாண்டி இருந்தது. நடத்துகிறவள் நோரீன் ஹோமன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வந்தவனின் தோளைத்தான் முதலில் பார்ப்பாள். ஆல்வினோடு வெர்ஜிலும் வந்திருந்தார், அழைக்காமல்.

"நானூத்தைம்பது வாங்கு மாப்ளே" என்றார் வெர்ஜில். "மானும் விழும், மானுக்குப் பின்னால நிக்கிற மரமும் விழும்."

"சுட்டவரு?" என்றாள் நோரீன்.

"அவரைத் தூக்கிட்டு வரத்தான் நாங்க இருக்கோமே."

"மச்சான், நீ சும்மா இரு" என்றார் ஆல்வின். "நோரீன், இந்த நாப்பத்தஞ்சு எழுபது எப்படி? பழைய காலத்துத் தோட்டா. நிதானமா தள்ளும், உதைக்காதுன்னு படிச்சேன்."

"எழுதினவனுக்குக் காறையெலும்பு முழுசா இருந்திருக்கும். ஆல்வின், போன வாரம் முந்நூத்தறுபதுன்னீங்க. அதுக்கு முந்தி முப்பத்தெட்டை எடுத்து வைக்கச் சொன்னீங்க. எடுத்து வச்சேன். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்பவாவது ஒரு வீட்டுக்குப் போனீங்களா, தெரு முழுக்கப் போனீங்களா?"

"அவன் எங்க போனான்? எங்க வீட்டுக்கு ஒரே தடவை வந்தான். திரும்பிப் போகவே இல்ல" என்றார் வெர்ஜில்.

நோரீன் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். "முந்நூத்தைம்பது லெஜெண்ட். பன்னெண்டு வயசுப் புள்ளைங்களுக்கு இதைத்தான் குடுக்கறேன். வெக்கப்படாம வாங்கிக்கலாம்னா வாங்கிக்குங்க. பக்கத்துல நிக்கிற மானுக்கு இது போதும்."

பிள்ளைகளுக்குக் கொடுக்கிற துப்பாக்கி என்றதும் வெர்ஜிலின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்த பிறகும் ஆல்வின் அதையே எடுத்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் எடுத்த தைரியமான முடிவுகளில் அதையும் சேர்க்கலாம், பட்டியல் நீளமானதல்ல.

அக்டோபரில் வெர்ஜிலின் அறுத்த வயலில், வைக்கோல் உருளைகளுக்கு முன்னால் காகிதக் குறியை ஒட்டி, மேசைபோட்டு உட்கார்ந்து சுட்டார். தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். முடிச்சு முனகக்கூட இல்லை. ஆனால் காகிதத்தில் ஓட்டைகள் நடுவில் இல்லை. எல்லாம் கீழே, இடப்பக்கமாகச் சரிந்து, உள்ளங்கையைவிட அகலமாகச் சிதறிக் கிடந்தன.

குறிபார்க்கும் ஸ்கோப் தளர்ந்திருக்கும் என்று திருகினார். தோட்டா சரியில்லை என்று வேறு எடைக் குண்டு வாங்கினார். குளிர்காலக் கோட்டோடு சுட்டார், கோட்டில்லாமல் சுட்டார். மேசைக் கால் ஆடுகிறது என்று சக்கை வைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக ஒரு குற்றவாளி. கடைசியில் துப்பாக்கியே கோணல், முந்நூற்றறுபதை வாங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

"குடு இங்க" என்று வெர்ஜில் வாங்கி, மேசையில் சாய்ந்து மூன்று முறை சுட்டார். மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தன. வெர்ஜில் கீழே கிடந்த வெற்றுத் தோட்டா உறைகளைப் பொறுக்கினார். துப்பாக்கிக்குத் தானே தோட்டா போட்டு ஆல்வினிடம் நீட்டினார். "உக்காரு. நான் போட்டுக் குடுக்கறேன், நீ சுடு. அவ்ளோதான்."

முதலாவது வெடித்தது. ஓட்டை கீழே. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதற்கு ஆல்வின் மூச்சைப் பிடித்து, விசையை மெல்ல இழுத்தார்.

டிக்.

வெடிக்கவில்லை. சுட்டு முடித்த வெற்று உறையைத்தான் வெர்ஜில் உள்ளே போட்டிருந்தார். வெடிக்காத துப்பாக்கியின் குழல், தண்ணீருக்குள் தலையை முக்கும் வாத்தைப்போல, விருட்டென்று கீழே குனிந்தது. உதைக்க ஏதுமில்லை. ஆனாலும் குனிந்தது. குனிந்து முடிந்த பிறகுதான் ஆல்வின் கண்ணைத் திறந்தார். மூடியிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

வெர்ஜில் சிரிப்பதற்காகத்தான் இந்தத் தந்திரத்தைச் செய்தார். வாய்கூடப் பாதி திறந்துவிட்டது. பிறகு மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை" என்றார் ஆல்வின்.

"வேணாம் மாப்ளே."

"போட்டுக் குடுடா."

இன்னொரு தடவையும் அப்படித்தான். உறையா தோட்டாவா என்று தெரியாத ஒவ்வொரு முறையும், விசை விடுபடும் நொடியில் இமை விழுந்தது, கை கீழே இழுத்தது.

நல்ல துப்பாக்கிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லையே அதில்தான். உதைக்கிற துப்பாக்கி இருந்தவரைக்கும் பழிபோட ஓர் இடம் இருந்தது. வலிக்கும் பயத்துக்கும் நடுவே எங்கே கோடு என்று மனிதன் தன்னையே கேட்டுக்கொள்ளாமல் ஒரு வாழ்நாளை ஓட்டிவிடலாம், வலி ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் போதும். வலியை எடுத்துவிட்டார்கள். பயம் வெறுங்கையோடு நடு வயலில் நின்றது. அது தோளைப் பற்றிய பயம் இல்லை என்பது ஆல்வினுக்கு லாரியில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. குண்டு போய்ச் சேருவதைப் பார்க்க அவர் கண்ணுக்கு மனமில்லை.

அன்றிலிருந்து சமையலறையில் ஒரு சத்தம் தொடங்கியது. காலித் துப்பாக்கியை மேசைமேல் ஊன்றி, குழல் நுனியில் ஒரு காசை நிறுத்தி, சுவரிலிருந்த கடிகாரத்தின் நடு ஆணியைக் குறிவைத்து விசையை இழுப்பார். காசு விழக் கூடாது. முதல் வாரம் காசு தரையெல்லாம் உருண்டது. பிறகு விழவில்லை.

"நிக்குதே, அப்புறம் என்ன?" என்றாள் மார்லீன், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே.

"உள்ள தோட்டா இல்லன்னு எனக்குத் தெரியும். கைக்கும் தெரியும்."

"அப்போ போகாத. வெர்ஜில் கறி குடுப்பான். போன வருஷ சாசேஜே இன்னும் ஐஸ்பெட்டியில கெடக்கு."

"கறிக்கா போறேன்?"

"பின்ன எதுக்குப் போற? அதைச் சொல்லு."

ஆல்வின் எழுந்து ஜன்னலருகே போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "போகலன்னா, அந்த மானோட நின்னுபோயிடுவேன் மார்லீன். அதுக்கப்புறம் அதுதான் கடைசி."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பக்கத்துல வந்தா மட்டும் சுடு. இல்லன்னா சுடாத. வேற எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

திங்கட்கிழமை வெளுத்தபோது அறுத்த வயலின் தாள்மேல் உறைபனி படிந்திருந்தது. வயல்களுக்கு அப்பால் தேவாலயக் கோபுரம் மட்டும் வெளிச்சத்தில் நின்றது. சுடுகிறவன் கண்ணில் படும்படி ஆரஞ்சு அங்கி போட்ட நாலு பேர் காட்டின் வடபக்கத்திலிருந்து குச்சியால் மரத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே நடந்தார்கள். தென்புற வேலியோரத்தில், ஆப்பிள் மரத்தடியில் ஆல்வினை உட்காரவைத்திருந்தார் வெர்ஜில். மான்கள் முதலில் வெளியே வரும் இடம். போன வருஷம்வரை அந்த இடத்தை வெர்ஜில் வேறு யாருக்கும் தந்ததில்லை. இது மன்னிப்பா, சோதனையா என்று ஆல்வினுக்குப் புரியவில்லை. கேட்டால் வெர்ஜிலுக்கும் தெரிந்திருக்காது.

சருகு சரசரத்தது. ஒரு பெட்டை மான் புதரிலிருந்து தலையை நீட்டி, நாலெட்டு வைத்து, பக்கவாட்டில் நின்றது. கல்லெறி தூரம்கூட இல்லை. அதன் மூச்சு புகைந்தது. ஆல்வின் கட்டையைத் தோளில் வைத்தார். முன்னங்காலுக்குப் பின்னால் குறி உட்கார்ந்தது. திற, திற, திற என்று இமைகளுக்குச் சொல்லிக்கொண்டே விசையை இழுத்தார்.

வெடித்தது. தோளில் ஒரு தட்டு. மான் ஒரு துள்ளு துள்ளி, வேலிப்பக்கம் ஓடி, முன்னங்கால் மடிந்து விழுந்தது. அசையவில்லை.

வெர்ஜில் ஓடிவந்து மானைப் புரட்டிப் பார்த்தார். குண்டு சரியான இடத்தில் நுழைந்திருந்தது. "பாத்தியா!" என்று ஆல்வினின் நல்ல தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். "புள்ளைங்க துப்பாக்கி என்ன வேலை செஞ்சிருக்கு பாரு! மாப்ளே, நீ தேறிட்ட."

ஆல்வின் மானின் பக்கத்தில் மண்டியிட்டார். விலாவில் கை வைத்தார். இன்னும் சூடு. வெடிப்பதற்கு முன் மான் நின்றது நினைவிருக்கிறது. வெடித்த பின் அது துள்ளியது நினைவிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தேடிப் பார்த்தார். ஒன்றுமில்லை. கறுப்பாக ஒரு வெட்டு.

"மூடியிருந்தேன்" என்றார்.

"என்னது?"

"கண்ணை மூடிட்டேன் வெர்ஜில். இல்ல, மூடலையோ என்னவோ. தெரியல. அதான் சொல்றேன், தெரியல."

"மான் செத்துக் கெடக்கு. நீ கண்ணைத் திறந்தா என்ன, மூடினா என்ன, பாட்டுப் பாடினா என்ன?"

"அடுத்தது?"

வெர்ஜில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மேற்குக் காடு இன்னும் பாக்கி இருந்தது. ஆல்வினிடம் இன்னொரு மானுக்கு அனுமதியும் இருந்தது. "அங்கேயும் நல்ல இடம் உனக்குத்தான் வச்சிருக்கேன். ஓடைப்பக்கம்."

ஆல்வின் துப்பாக்கியைத் திறந்து, மிச்சமிருந்த இரண்டு தோட்டாக்களையும் எடுத்து வெர்ஜிலின் உள்ளங்கையில் வைத்தார். "அங்க நீ நில்லு மச்சான். நான் உள்ள நடந்து வரேன்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் மேசை போட்டு உக்காருவோம். நீ உறையைப் போட்டுக் குடு."

வெர்ஜில் தோட்டாக்களைப் பையில் போட்டுக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தார்.

மேற்குக் காட்டுக்குள் ஆல்வின் ஒரு கிளையை ஒடித்து மரங்களைத் தட்டிக்கொண்டு போனார். "ஹோய், ஹோய்" என்று கத்தினார். சகதி பூட்ஸைப் பிடித்தது, முள் கையைக் கிழித்தது. இடப்பக்கத்தில் இரண்டு மான்களின் வெள்ளை வால்கள் எழுந்து ஓடையை நோக்கிப் பாய்ந்தன. ஆல்வின் நின்றார்.

ஒரு வெடி. காயத்தோடு ஓடினால் இன்னொன்று வரும். வருமா என்று, கையில் கிளையோடு, மூச்சுகூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெர்ஜிலின் குரல், "விழுந்துடுச்சு!" என்று. ஆல்வின் முன்னைவிடச் சத்தமாக மரத்தைத் தட்டிக்கொண்டு நடந்தார்.