உள்ளே மூன்று பனியன்

2005 அல்லது 2006 இருக்கும், சித்திரை மாத வெயில். அருள்புரம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். பகலில் ஸ்டோரில் லேபிள் எடுத்துக் கொடுப்பேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் கேட்டில் நின்று, வெளியே போகும் பெண்களைச் சோதிக்கிற பொம்பளை ஆளும் நான்தான். துணி கடத்திவிடக் கூடாதல்லவா? அந்த வேலை பார்த்துப் பார்த்து, யாரைக் கண்டாலும் சந்தேகப்படுவது எனக்குப் பழகிப்போயிருந்தது.

அதற்கு முந்தைய மாசியில்தான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்து கைமடி வேலைக்குச் சேர்ந்தாள். டெய்லர் தைத்ததை மடித்துக் கொடுக்கும் வேலை. பத்தொன்பது வயது, எலும்பும் தோலுமாக இருப்பாள். முதல் நாள் லேபிள் வாங்க வந்தவளைப் பார்த்து, "நம்ம கம்பெனிக்குப் புது ஹேங்கர் வந்திருக்குது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பெயரே அதுதான்.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் கேட்டில் பார்த்தால் ஆள் பூசினாற்போல் இருக்கிறாள். முகமும் மணிக்கட்டும் மட்டும் பழையபடி குச்சிதான். அந்த வாரம் பார்த்து, பேக்கிங்கில் கொஞ்சம் பனியன் பீஸ் குறைகிறது என்று பேச்சு வேறு. எனக்குப் பொறி தட்டியது. அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். கைகளை மார்போடு கட்டிக்கொண்டே நடப்பாள். கூட்டத்தில் உரசாமல் ஒதுங்குவாள். அந்தப் புழுக்கத்திலும் கழுத்துவரை துப்பட்டாவைச் சுற்றியிருப்பாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட, கள்ளச் சிரிப்பு என்றே தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை, வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போதே அவளை நிறுத்தினேன்.

"ஏங்கண்ணு, உள்ள என்ன வெச்சிருக்கற?"

"ஒண்ணுமில்லக்கா."

கேட்டுக்குப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அழுதுகொண்டே கதவு மறைவில் போய், ஒவ்வொன்றாகக் கழற்றி நீட்டினாள். மூன்று ஆண் பனியன்கள். மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு ஒரே வெற்றிக் களிப்பு.

விரித்துப் பார்த்தேன். துவைத்துத் துவைத்து நைந்த பழைய பனியன்கள். ஒன்றில் ஒட்டுப் போட்டிருந்தது.

"எங்க அண்ணனுதுக்கா. தினமும் வீட்லேருந்தே போட்டுட்டுதான் வாரேன். நீங்கதான மொத ஹேங்கர்னு சொன்னீங்க?"

சாயங்காலம் போகும்போது மட்டுமே சோதித்த எனக்கு, காலையில் அவள் எப்படி வருகிறாள் என்று பார்க்கத் தோன்றவே இல்லை. கதவு மறைவிலிருந்து வந்து நின்றவளின் சுடிதார் தொளதொளவென்று தொங்கியது. கழுத்தெல்லாம் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகியிருந்தது. "வெளிய சொல்லிராதீங்கக்கா" என்றவள் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். "அவகிட்ட ஒண்ணுமில்லீங்க. நாந்தான் தப்பா நெனச்சுட்டனுங்க" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. பனியன் விஷயத்தைச் சொன்னால் நம்புவார்கள், ஆனால் அவள் மானம் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் நானே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் ரொம்பவும் குறைவு என்றார் டாக்டர். ஏன் இப்படி இளைத்திருக்கிறாய் என்று, கேலி செய்த எங்களில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

காணாமல்போன பீஸ்கள் அடுத்த வாரம் வேறொரு பண்டிலோடு கலந்து கிடந்தன. அதற்குள் கைமடிப் பக்கம் எல்லோரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள்; பீஸ் கிடைத்த பிறகும் அது மாறவில்லை. மாத்திரை சாப்பிட்டு உடம்பு தேறி வருகிற நேரத்தில், சொல்லிக்கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

ஹேங்கர் என்ற பெயரையும் திருடி என்ற பெயரையும் அவளுக்கு வைத்தவள் நான்தான். இரண்டில் ஒன்றைக்கூட என்னால் திரும்ப வாங்க முடியவில்லை என்பது இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது.