புல்மோட்டை வழியாகப் பேசினோம்

என் கணவர் என்னைவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர் அவர். மற்றவர் சாமான் ஏற்ற வந்த லொறிக்காரர்; அவருடைய கண்ணில் தூசி விழுந்திருந்தது. நானும் மாமியும் அழவில்லை.

அவருக்குப் புல்மோட்டையில் வேலை. கிழமைக்கொருமுறை ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர், ஒருநாள் சோறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அங்கே வேறொரு பெண்ணோடு வாழப்போவதாகச் சொன்னார். நான் எல்லோரும் கேட்கிற கேள்விகளைக் கேட்டேன். அவர் எல்லோரும் சொல்கிற பதில்களைச் சொன்னார். வீடு என்னுடைய சீதன வீடு. பிள்ளைகள் இல்லை. பிரிப்பதற்கு மிஞ்சியவை ஒரு அலுமாரி, தையல் மெஷின், சில கதிரைகள், பிறகு அவருடைய அம்மா.

அம்மா அவரோடு போவதென்றுதான் பேச்சு. அன்று காலையில் மாமி தலைக்குக் குளித்து, கோயிலுக்கு உடுக்கிற சேலையை உடுத்து, முன்விறாந்தையில் உள்ள கதிரையில் போய் இருந்தார். பயணத்துக்கு ஆயத்தம் என்று எல்லோரும் நினைத்தோம். சாமான்கள் எல்லாம் ஏறி முடிந்ததும் அவர் வந்து, “அம்மா, எழும்புங்கோ” என்றார்.

“எங்கை?”

“வீட்டுக்கு.”

“இதெல்லோ வீடு.”

அவர் குனிந்து மெதுவாக ஏதோ விளங்கப்படுத்தினார். மாமி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் ஏன் போகவேணும்? போறது நீயெல்லோ” என்றார். லொறி வந்தால் அயலவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், அதற்காகத்தான் நல்ல சேலை உடுத்தாராம். மாமி இருந்த கதிரையும் லொறியில் ஏறவேண்டியதுதான். லொறிக்காரர் தேநீர் குடித்துவிட்டுக் காத்திருந்தார். மாமி அசையவில்லை. கடைசியில் கதிரையும் மாமியும் இல்லாமல் லொறி போனது.

மாமிக்கு என்மேல் பாசம் பொங்கியதால் இது நடந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நானும் மாமியும் அப்போது பேசுவதே இல்லை. சாம்பல்தீவில் அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டுச் சடங்கொன்றில், எல்லோருக்கும் நடுவே, என்னுடைய சொதி சட்டி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எங்களுக்கு நடுவே என் கணவர்தான் தூது. அவர் புல்மோட்டைக்கு மாற்றலாகிப் போன பிறகும் அது தொலைபேசியில் நடந்தது. மாமி தன்னுடைய அறையிலிருந்து அவரை அழைத்துச் சொல்வார். அவர் குசினியில் நிற்கிற என்னை அழைத்துச் சொல்வார். மாமி அவருக்குச் சொல்லும்போதே எனக்குக் கேட்டுவிடும். ஆனாலும் அவர் அழைக்கும்வரை நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவர் எங்களைவிட்டுப் போன பிறகும் இந்த ஏற்பாட்டை யாரும் நிறுத்தவில்லை. அவருக்கு அது பெரிய தலையிடியாக இருந்திருக்கும். மனைவியை விட்டுப்போன மனிதர், கிழமையில் பல தடவை அதே மனைவிக்கு அழைத்து, காஸ் முடியப்போகிறது, கிணற்றடி வழுக்குகிறது என்று அறிவிக்கவேண்டியிருந்தது. முன்பெல்லாம் என்னை ‘நீர்’ என்று பேசியவர் இப்போது ‘நீங்கள்’ என்று பேசினார். அது மட்டும்தான் மாற்றம்.

பிறகு அவர் வேலை நேரத்தில் அழைப்பை எடுக்காமல் விடத் தொடங்கினார். மாமி சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண்ணின் இலக்கத்தை வாங்கிக்கொண்டார்.

நான் கந்தோரில் இருந்தபோது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, ஆர் கதைக்கிறன் எண்டு தெரியுந்தானே?”

தெரிந்தது. அவளுக்குச் சொல்வதற்கென்று மாதக்கணக்காக நான் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். பஸ்ஸில் போகும்போது, துணி தோய்க்கும்போது, ஒவ்வொன்றாகத் தீட்டி வைத்த சொற்கள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “ஓம்” என்றேன்.

“மாமி சொல்லச் சொன்னவா, தேங்காய் முடிஞ்சுதாம்.”

“சரி, வரேக்கை வாங்கிக்கொண்டு வாறன் எண்டு சொல்லுங்கோ” என்றேன். பக்கத்து மேசையில் இருந்தவர் யார் என்று கேட்டபோது, “வீட்டிலயிருந்து” என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு அவள்தான் தூது. அவருக்கு இல்லாத பொறுமை அவளுக்கு இருந்தது. மாமி சொன்னதில் உறைப்பை நீக்கிவிட்டுத்தான் எனக்குச் சொல்வாள் என்பது பிறகுதான் தெரியவந்தது. ‘இவளுக்கு உப்புப் போடத் தெரியாது’ என்பது என்னிடம் வரும்போது, ‘மாமிக்கு இண்டைக்கு நாக்குச் சரியில்லையாம்’ என்று மாறியிருக்கும். நான் திருப்பிச் சொன்னவற்றையும் அப்படித்தான் கழுவித் துடைத்து அனுப்பியிருப்பாள்.

நாளடைவில் அவள் தன்னுடைய கேள்விகளையும் சேர்த்துக் கேட்டாள். அவர் ஏன் சில நாட்களில் வந்ததும் வராததுமாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கிறார்? பசியாக இருக்கும், முதலில் சாப்பாட்டைக் கொடுங்கள், பிறகு கதையுங்கள் என்றேன். ஒருநாள் அவள் அவரைப்பற்றிக் குறை சொல்லி அழுதபோது, அவர் அப்படிக் கெட்டவர் இல்லை என்று நான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. குசினிக்குள் போய்த் தனியாக நின்று சிரித்தேன். சிரிப்பு அழுகையாகப் போய் முடிந்தது. மாமி அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் புல்மோட்டையிலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, அழுறீங்களாம். ஏன் எண்டு கேக்கட்டாம்.”

மாமி விழுந்ததும் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. மழை நாள். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மழையிரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. தொலைபேசியில் அவள்தான். “அக்கா, மாமி பாத்ரூமுக்குள்ள விழுந்து கிடக்கிறாவாம். உங்களுக்குச் சொல்லட்டாம்.”

குசினியிலிருந்து நாலெட்டு வைத்தால் போய்விடும் தூரம். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். மாமி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். தொலைபேசி காதில்தான் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதற்குள்ளே, “அவள் வந்திட்டாள் பிள்ளை, இனி நீ வை” என்றார்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள், பிறகு வீட்டில் படுக்கை. புரட்டிப் படுக்கவைக்கிற ஒருவரோடு கதைக்காமல் இருக்க ஏலாது. முதலில் “மெல்ல” என்றார். அடுத்த நாள் “அந்தப் பக்கம்” என்றார். அப்படித்தான் எங்களுக்குள் மறுபடியும் கதை தொடங்கியது. ஒரு பின்னேரம் அவருக்குத் தலை வாரிவிடும்போது கேட்டேன்.

“ஏன் மாமி, நீங்கள் அவரோடை போகேல்லை?”

“அங்கை போனா அவளோடையும் கோவிக்கவேணும். இந்த வயசில புதுசா ஒராளோடை தொடங்க எனக்கு ஏலாது. உன்னோடை எண்டால் பழகிட்டுது.”

அதைக் கேட்டபோது, எந்தக் காலத்திலும் எனக்கு யாரும் இவ்வளவு அன்பாக எதையும் சொன்னதில்லை என்று தோன்றியது. சீப்பை வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன்.

மாமி போனது ஒரு மத்தியானம். என் கையால் அரைக் கோப்பை கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணை மூடியவர் திறக்கவில்லை.

செத்தவீடு என் வீட்டில்தான். மகன் மொட்டையடித்து வேட்டியோடு நின்றார். வந்தவர்களுக்கு யாரிடம் துக்கம் கேட்பதென்று தெரியவில்லை. மருமகள் நான், ஆனால் மகனுக்கு நான் இப்போது யாருமில்லை. மகனோடு வந்தவளோ, இந்த வாசற்படியை அன்றுதான் முதன்முதலாக மிதிக்கிறாள். அயல்வீட்டுப் பெண் என்னைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கி, நடுவில் அவளைக் கண்டதும், அழுகையை எங்கே முடிப்பதென்று தெரியாமல் என் தோளிலேயே நின்றுவிட்டார். மரண அறிவித்தல் அச்சடிக்கிறவர் மருமகளின் பெயரைக் கேட்டார். அவளுடையதைப் போடுங்கள் என்றேன். அக்காவுடையதைப் போடுங்கள் என்றாள் அவள். அவர் இரண்டையும் போட்டுவிட்டார். மாமிக்கு எங்கோ வெளிநாட்டில் இன்னொரு மகன் இருக்கவேண்டும் என்று சுடலைக்குப் போகிற வழியில் யாரோ கதைத்தார்களாம். கொண்டுவந்த மலர்வளையமொன்றை வாசல் படலையடியில் வைத்துவிட்டுச் சட்டைப் பைக்குள் கைலேஞ்சியைத் தேடிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பின்னால், எங்கள் ஊர்த் தெருவில் ஆடுமாடு மாதிரித் திரிகிற மான்கள் வந்து பாதியைத் தின்றுவிட்டன. அவர் மிச்சத்தை மரியாதையாகக் கொண்டுவந்து வைத்தார்.

சாம்பல் கரைக்கக் கடலுக்குப் போகவேண்டும். பெண்கள் போவதில்லை என்றார்கள். ஆனால் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும் என் கணவருக்குக் கடலில் தலை சுற்றும். யாராவது பிடிக்கவேண்டும் என்று நான் சொன்னேன். தான் பிடிப்பதாக அவள் சொன்னாள். சரி, இரண்டு பேருமே ஏறுங்கள் என்று படகுக்காரர் சொல்லிவிட்டார். அவர் கிண்ணியாவைச் சேர்ந்த வயதான முஸ்லிம். நேரம் போகிறதே என்ற கவலை அவருக்கு.

கொஞ்ச தூரம் போனதும் என் கணவர் படகு விளிம்பில் கவிழ்ந்து சத்தி எடுக்கத் தொடங்கினார். அவரைப் பிடிக்கப் போனவளும் மறுபக்க விளிம்பில் கவிழ்ந்தாள். அவள் வயிற்றில் பிள்ளை இருப்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் படகில் ஏறிய நான் மட்டும் சாம்பல் இருந்த மண் முட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேராக இருந்தேன்.

“தங்கச்சி, நீங்கதான் செய்யோணும் போல” என்றார் படகுக்காரர், இயந்திரத்தை நிறுத்திவிட்டு.

மகனுடைய கை படவேண்டும் என்று நான் சொன்னேன். அவரை இழுத்து நிமிர்த்த முடியவில்லை. கடைசியில் அவர் கவிழ்ந்தபடியே ஒரு கையைப் பின்னால் நீட்டி முட்டியைத் தொட்டார். அவர் கடலுக்குள் விழுந்துவிடாமல் அவள் எழும்பி வந்து அவருடைய வேட்டியை இறுக்கிப் பிடித்தாள். நான் முட்டியைச் சரித்தேன். மாமி சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனார். மகன் அழுதார், அழுவதற்கும் சத்தி எடுப்பதற்கும் நடுவே, “அம்மா” என்றார். அவருடைய முதுகைத் தடவிவிட எங்கள் இரண்டு பேருடைய கைகளும் ஒரே நேரத்தில் நீண்டன, ஒரே நேரத்தில் நின்றன. நீ தடவு என்று நான் கண்ணால் சொன்னேன். நீங்கள் தடவுங்கோ என்று அவளும் கண்ணால் சொன்னாள். கடைசியில் படகுக்காரர்தான் வந்து தடவிவிட்டார்.

அவர்களுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பள்ளிக்கூட விடுமுறைக்கு என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். முதல் தடவை அது முற்றத்தில் நின்று “பெரியம்மா” என்று கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறது என்று உள்ளே நின்ற நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. பிறகு போய்க் கதவைத் திறந்தேன்.