குமுதினி அக்காவின் ஒன்பதாம் பக்கம்

"எப்ப கையெழுத்து வைச்சனீங்கள்?"

வணக்கம் சொல்வதற்கு முன்னால் குமுதினி அக்கா இதைத்தான் கேட்கிறார். எதிரே நிற்பவர் கேட்டது வேறு. மனிதவள மேலாண்மை, தொழிலாளர் உறவு பற்றி ஆராய்ச்சிக்குப் பயன்படுகிற மாதிரி புத்தகமோ கட்டுரையோ கிடைக்குமா என்று ரொம்பக் கௌரவமாகக் கேட்டிருப்பார். அதைக் காதில் வாங்கியதாகவே அக்கா காட்டிக்கொள்ள மாட்டார். கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிக் கணுவில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். தேதி வந்ததும் நாளை எண்ண வேண்டும்.

"இல்ல ஆன்டி, இது என் ஃப்ரெண்டுக்கு..."

"ஓம், சிநேகிதருக்குத்தான். அவர் எப்ப வைச்சவர்?"

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில் இருக்கிறது அந்தக் கிளை நூலகம். எந்த ஊர் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. தகவல் மேசையில் வாரத்துக்கு ஐந்து நாள் உட்கார்ந்திருக்கிறார். வயது அறுபத்திரண்டு. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகியும் பேச்சை அவர் யாருக்காகவும் மாற்றிக்கொள்ளவில்லை. கோடையிலும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பதினொன்றரைக்குக் காரில் போய் உட்கார்ந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குத் திரும்பி வருவார். மேசையில் மௌரி அவென்யூ மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டர். கணினியில் தேதி தெரிகிறதே என்றால், "அது எனக்குத் தெரியும். வாறவைக்குத் தெரியவேணும்" என்பார்.

வருகிறவர்கள் யார் என்று சொல்கிறேன். வேலை போனவர்கள். நம்மவர்களுக்கு வேலை போனால் அதைச் சொல்ல வாய் வராது. வீட்டில் சொல்வதற்கே ஒரு வாரம் பிடிக்கும், வெளியாளிடம் எங்கே சொல்வது? அதனால் நூலகத்துக்கு வந்து பாடப்புத்தகம் கேட்பார்கள். எம்பிஏ படிக்கிறேன், ப்ராஜெக்ட் பண்றேன், நண்பனுக்கு வேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு நண்பனுக்காகத்தான் போனேன். அந்த நண்பனின் வயது, சட்டையின் நிறம், தாடியை மழித்து எத்தனை நாள் ஆகிறது எல்லாவற்றையும் அக்கா அன்றே பார்த்துவிட்டார்.

ஆனால் அன்று அவர் என்னிடம் தேதி கேட்கவில்லை. கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அப்போதெல்லாம் அப்படித்தான். கேட்டதைக் கொடுப்பது, கேட்காததைக் கிளறாமல் இருப்பது. அதை அவர் மரியாதை என்று நினைத்திருந்தார்.

தேடுவதில் அவருக்கு ஒரு வெறி உண்டு. "கூகிள் பண்ணிப் பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். "ஆர் எழுதினது? எப்ப எழுதினது? ஆருக்காண்டி எழுதினது?" இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத தாளை மேசையில் வைக்க விடமாட்டார். முதலில் சட்டத்தின் வாசகம், அடுத்து அரசுத் துறையின் விளக்கம், அதற்கும் பிறகுதான் வக்கீல் கம்பெனிகள் இணையத்தில் எழுதுகிற கட்டுரை. இந்த வரிசை மாறினால் கோபம் வரும். அறுபது பக்கம் அச்செடுத்துக்கொண்டு நின்ற என்னிடம், "உந்தக் காயிதத்தைச் சுமந்தால் வாசிச்ச மாதிரியோ?" என்று கேட்டு, அதில் நான்கு பக்கத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தார்.

ஒரு முறை என்னை அலமாரிக்கு முன்னால் நிறுத்தினார். "பாருங்கோ. ஆளை எப்பிடி எடுக்கிறது எண்டு முப்பது புத்தகம். ஆளை எப்பிடி அனுப்புறது எண்டு பத்து. அனுப்பினாப் பிறகு அந்த ஆள் என்ன செய்யிறது எண்டு ரெண்டே ரெண்டு." அந்த இரண்டும் கீழ்த் தட்டில் இருந்தன. மறுநாள் போனபோது அவற்றைக் கண் உயரத்துக்கு மாற்றியிருந்தார்.

இந்த அலமாரி அவருக்கு இவ்வளவு அத்துப்படியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நூலகப் படிப்புப் படிப்பதற்கு முன் பதினேழு வருடம் சான் ரமோன் அலுவலக வளாகத்தில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருந்தவர். ஆட்களை அனுப்பும்போது கொடுக்கும் ஒப்பந்தத்தைத் தயார் செய்வது அவருடைய வேலை. சில மாதச் சம்பளம் தருகிறோம், பதிலுக்கு எங்கள் மேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுவிடு என்கிற ஒப்பந்தம். நாற்பது வயதைத் தாண்டியவர் அதில் கையெழுத்துப் போட்டாலும், ஏழு நாளுக்குள் அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கலாம். அமெரிக்கச் சட்டம் அப்படி. அதை ஒப்பந்தத்திலேயே எழுதியும் ஆக வேண்டும்.

"எழுதினனான்," என்றார் அக்கா ஒரு நாள், காரில் புட்டு டப்பாவை மூடிக்கொண்டே. "ஒன்பதாம் பக்கத்தில. பதினாலு பக்கக் காயிதத்தில ஆர் ஒன்பதாம் பக்கம் வரைக்கும் போவினம்? எழுதவேணும் எண்டு சட்டம் சொல்லுது. எந்தப் பக்கத்தில எண்டு சொல்லேல்லை. அங்க கொண்டுபோய் வைச்சது நான்தான்."

 

போன வருடம் பிப்ரவரியில் செழியன் வந்தார். திருப்பூர்க்காரர், பிளசன்டனில் வீடு, வயது நாற்பத்தாறு. இஸ்திரி போட்ட சட்டை, தோளில் லேப்டாப் பை. "ஹியூமன் ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், லேபர் ரிலேஷன்ஸ் ரெண்டுலயும் ரிசர்ச் மெட்டீரியல் வேணுமுங்க மேடம். எம்பிஏ பண்றேனுங்க."

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தத் துறையில் உண்மையிலேயே ஆராய்ச்சி என்று ஒருவர் வந்துவிட்டாரே! பல்கலைக்கழகக் காப்பகங்களில் தேடுவது எப்படி, தொழிலாளர் துறையின் புள்ளிவிவரங்களைப் படிப்பது எப்படி, தொழிற்சங்க வரலாற்றுக்கு எந்த இதழ் நல்லது என்று நான்கு நாள் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். வேறு நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் வரவழைத்தார். செழியன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். வேறு வேலை கிடைத்த பிறகும் அங்கே போய் உட்காரும் பழக்கம் எனக்கு விடவில்லை, அடுத்த மேசையில் நான் இருந்தேன். நல்ல மாணவன் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "மேடம், இந்த ரிலீஸ் அக்ரிமென்ட்டுன்னு சொல்றாங்களே, அதுக்கு எந்த சாப்டருங்க?" அக்கா அவருக்கு ஒரு அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தார். வழக்குரிமையை விட்டுக்கொடுக்கும் அந்த ஒப்பந்தங்களின் வரலாறும் கோட்பாடும் பற்றி முப்பது பக்கம். நல்ல அத்தியாயம்தான்.

எட்டாம் நாள் செழியன் பையிலிருந்து தன்னுடைய காகிதத்தையே எடுத்து மேசையில் வைத்தார். வேலையிலிருந்து அனுப்பிய அன்றே, கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி போனிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார். ஏன் அவ்வளவு அவசரம்? "ரிலீவிங் லெட்டர் வேணுமல்லங்க. சைன் பண்ணுனாத்தானே நல்லபடியா ரிலீவ் பண்ணுவாங்க. அது இல்லாம அடுத்த கம்பெனில எப்பிடிங்க சேத்துவாங்க?"

கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கடிதம் இல்லாமல் அங்கே அடுத்த வேலை கிடையாது. இங்கே அப்படி ஒரு கடிதத்தை யாரும் கேட்பதே இல்லை. பதினோரு வருடம் இங்கே இருந்தும் இது அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை, நானும் அதே காரணத்துக்காக அன்றே கையெழுத்துப் போட்டவன்தான்.

அவரோடு அனுப்பப்பட்ட பதினொரு பேரில் ஒன்பது பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். கையெழுத்தை வாபஸ் வாங்கினால், வயதைப் பார்த்துத்தான் கழித்தார்களா என்று வழக்குப் போட்டுக் கேட்க அவருக்கு ஒரு வழி இருந்தது. அக்கா முன்பு தயாரித்த அதே பதினான்கு பக்க வடிவம்தான் அது; நேராக ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினார். விரல் கணுக்களில் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"நேற்றோட முடிஞ்சுது," என்றார்.

செழியன் கோபப்பட்டிருக்கலாம். நானாக இருந்தால் மேசையைத் தட்டியிருப்பேன். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லீங்க மேடம். நீங்க நல்லா சொல்லிக் குடுத்தீங்க" என்றார்.

வேலை போன பிறகு நாட்டில் தங்க விசா தரும் அறுபது நாளில் வேறு வேலை அமையவில்லை. ஏப்ரலில் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டார். எட்டாம் வகுப்பில் இருந்த மகள் வெண்பாவின் பள்ளி வருடம்கூட முடியவில்லை. விமானத்துக்கு முந்தின நாள் நூலகத்துக்கு வந்து, வரவழைத்த இரண்டு புத்தகங்களையும் அக்காவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

"கேட்டதைக் குடுத்தனான்," என்றார் அக்கா அன்று. "கேக்காததைக் கேட்டிருக்க வேணும். அந்தாள் அஞ்சு நாள் என்ர பக்கத்தில இருந்தவர். நான் தொழிற்சங்க வரலாறு படிப்பிச்சுக்கொண்டு இருந்தனான்." சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போனார். வர நேரமானது.

அதற்குப் பிறகுதான் இந்த முதல் கேள்வி. இப்போது எல்லாரிடமும் கேட்கிறார். நிஜமாகவே பருவத் தேர்வுக்குக் கட்டுரை எழுத வந்த கல்லூரிப் பெண் ஒருத்தியிடமும் கேட்க, அவள் பயந்துபோய் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று போனைத் துழாவினாள்.

ஆனால் ஒன்றில் மட்டும் அவர் இளகவே மாட்டார். எவ்வளவு கெஞ்சினாலும் என்ன செய்யலாம் என்று சொல்ல மாட்டார். தகவல் மேசையில் இருப்பவர் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது என்பது விதி. "நான் வக்கீல் இல்லை. காட்டுவன், சொல்லமாட்டன்." நான் ஒரு முறை இதற்காக அவரிடம் சண்டையே போட்டிருக்கிறேன். மனுஷன் மூழ்கிக்கொண்டிருக்கும்போது என்ன விதி என்று கத்தினேன். "சத்தம் போடாதேங்கோ, இது நூலகம்" என்றார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. நாற்பத்திரண்டு வயதிருக்கும் ஒரு பெண் வந்து மேசை முன் நின்றார். பெயர் பிரீத்தி. புத்தகம் எதுவும் கேட்கவில்லை. பதினான்கு பக்கத்தையும் நேராக எடுத்து வைத்தார்.

"செழியன் சாரோட டீம்ல இருந்தேன் ஆன்டி. போன வாரம் எங்களையும் லே ஆஃப் பண்ணிட்டாங்க. திருப்பூருக்கு ஃபோன் பண்ணேன். லைப்ரரிக்குப் போ, ரிசர்ச்சுன்னு மட்டும் சொல்லிடாதே, நேரா பேப்பரைக் காட்டுன்னார்."

அக்கா அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. முதலில் கேட்டார். "எப்ப கையெழுத்து வைச்சனீங்கள்?"

"போன வெள்ளிக்கிழமை."

கட்டைவிரல் கணுக்களில் நகர்ந்தது. "நாளைக்குத்தான் கடைசி நாள்," என்றார். நான் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து வைத்தார். சட்டத்தின் வாசகத்தைத் திரையில் கொண்டுவந்தார். அரசு விளக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தார். விசாவின் அறுபது நாள் வேலையின் கடைசி நாளிலிருந்து எண்ணப்படும், கையெழுத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை என்பதையும் காட்டினார். இலவச சட்ட உதவி மையத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தார். "வடிவா வாசியுங்கோ," என்று மட்டும் சொன்னார். பிரீத்தி ஒவ்வொரு வரியையும் உதடு அசைய வாசித்தார்.

"புரியுது ஆன்டி. பயமா இருக்கு. ஸ்ரீநி, என் ஹஸ்பன்ட், வம்பே வேணாம், குடுக்கறதை வாங்கிட்டு விட்டுடுங்கறார். அவரோட ஹெச்-ஃபோர் விசாவும் என் விசாலதான் ஓடுது. வாபஸ் வாங்கினா குடுக்கறதும் போயிடும். நாளைக்கு அடுத்த கம்பெனிக்காரன் இவ கேஸ் போடறவன்னு ஒதுக்கிட்டா? பையன் இப்பதான் ஒன்பதாவது." அச்செடுத்த தாளைக் கவிழ்த்து வைத்தார். "ப்ளீஸ், நீங்க எங்க அக்கா மாதிரி. நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அக்கா வழக்கமான வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார். "நான் வக்கீல்..." என்றதோடு நின்றுவிட்டார்.

குழந்தைகள் பகுதியில் யாரோ கதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்தார். கழுத்திலிருந்த நூலக அடையாள அட்டையைத் தலைவழியாகக் கழற்றினார். அதை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார். மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, பிரீத்தியின் அருகில் இருந்த காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.