கடலில் நான் விட்ட சரஸ்வதி படம்

வெள்ளவத்தைப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். மாணவர்களைக் கடற்கரைத் துப்புரவுக்குக் கூட்டிப்போகும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. அவர்களுக்காக ஒரு சங்கதி.

ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், தரம் ஒன்பதுப் பிள்ளைகளுடன் ரயில் பாதையைக் கடந்து கடற்கரையில் இறங்கினேன். கையுறை, சாக்கு எல்லாம் தயார். துப்புரவுக்கு முன் கடல் மாசடைவதைப் பற்றி அரை மணித்தியாலம் வாய் கிழியப் பேசினேன். கப்பல்காரர், ஹோட்டல்காரர், வாய்க்காலில் குப்பை கொட்டுவோர் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

பாறை இடுக்கிலிருந்து அபிராமி என்ற மாணவி, முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் சொப்பிங் பேக் ஒன்றை இழுத்தெடுத்தாள். உள்ளே அழுகிய பூமாலையும் லமினேட் பண்ணிய சரஸ்வதி படமும் இருந்தன. படத்தின் பின்பக்கம் முழுவதும் அந்த வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்து.

“டீச்சர், இது போன வருஷம் ஆசிரியர் தினத்துக்கு நாங்கள் உங்களுக்குத் தந்த படமெல்லே?”

எனக்கு முகமெல்லாம் சுட்டது. வீட்டுச் சுவரில் இருந்தபோதே படத்துக்குள் ஈரம் இறங்கிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. சாமிப் பொருளைக் குப்பைவாளியில் போட மனம் வராது. கும்பிட்டுவிட்டுக் கடலில் விடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். பையையும் சேர்த்து விடுகிறேனே என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

வீட்டில் வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம், பிள்ளைகள் நம்பியும் இருப்பார்கள். வாய்வரை வந்த பொய்யை விழுங்கினேன்.

“ஓம் பிள்ளை, நான்தான் போட்டனான். பிழை என்னிலதான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அபிராமிதான் மெதுவாகக் கேட்டாள்:

“எங்கட அம்மாவும் இப்பிடித்தான் போடுறவ. குப்பையிலயும் போடேலாது. அப்ப எங்க டீச்சர் போடுறது?”

அடுத்த நாளே பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய், பழைய மாலைகளையும் படங்களையும் சேர்க்க ஓர் இடம் கேட்டேன். ஐயர் முகத்தைச் சுளித்தார்.

“கோயிலுக்குள்ள குப்பை சேர்க்கப் போறியளோ?”

“பூவை நந்தியாவட்டைக்கு அடியில மண்ணுக்குள்ள தாட்டா உரமாகும், ஐயா. அந்தப் பூவும் சாமிக்குத்தானே,” என்றாள் அபிராமி.

ஐயர் சிரித்துவிட்டுக் கிணற்றடி மூலையைக் காட்டினார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள், ஆட்கள் கொண்டுவந்து கொடுத்த மாலைகளிலிருந்து நைலோன் நூலை உருவிப் பூவைத் தாட்டார்கள். படங்களின் பிளாஸ்டிக்கை உரித்து மீள்சுழற்சிக்குக் கொடுத்தார்கள்.

ஒருநாள், ஓர் அம்மா பையோடு கடற்பக்கம் நடந்துகொண்டிருந்தார். அபிராமி ஓடிப்போய் மறித்தாள்.

“அன்ரி, கடலுக்கு வேண்டாம். எங்கட டீச்சரும் முந்தி அப்பிடித்தான் போட்டவ. இப்ப கோயில்லதான் குடுக்கிறவ.”

அந்த அம்மா பின்னால் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“டீச்சருமோ?”

“ஓம், நானும்தான்,” என்றேன். வெட்கம் ஒருபக்கம், சந்தோஷம் ஒருபக்கம். அவர் சிரித்துக்கொண்டே பையை அபிராமியிடம் நீட்டினார்.

கப்பல்காரரைப் பற்றி நான் பேசிய பேச்சு எதுவும் அவளுக்கு அங்கே தேவைப்படவில்லை. என் பிழை ஒன்றே போதுமாக இருந்தது. கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்களே, உங்கள் வீட்டுப் பை அகப்பட்டால் ஒளிக்காதீர்கள். பாடத்தை அதிலிருந்தே தொடங்குங்கள்.